கோல்ஃப் பந்து வலப்பக்கமே ஓடுகிறதா? கிளப்பை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

போன மாசி மாதம் ஓசூரிலிருந்து ஒரு அண்ணன் எங்கள் தோப்புக்கு வந்தார். கிருஷ்ணகிரிக்கும் காவேரிப்பட்டணத்துக்கும் நடுவே இருக்கிற மாந்தோப்பு. நான்கு பெங்களூரா மரங்களுக்கு இடையே கனமான நைலான் வலையை இரண்டு மடிப்பாகக் கட்டி, அதற்கு முன்னால் தேங்காய் நார்ப் பாயைப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் சில பேர் பந்து அடிப்போம். ராகி அறுத்து முடித்துவிட்டால் பக்கத்துக் கொல்லையும் எங்களுக்குத்தான். அங்கே வெட்ஜ், 9 அயர்ன் போன்ற குறைந்த தூரக் கிளப்புகளால் (பந்தை அடிக்கும் கோல்களால்) அடிக்கலாம், அதிக தூரம் அடிக்கிற டிரைவருக்கு வலைதான்.

அண்ணன் கையில் புது டிரைவர். இரண்டு வருடத்தில் மூன்றாவது. "தம்பி, இதுவும் வலப்பக்கம்தான் ஓடுது. தண்டை விறைப்பான எஸ் ஷாஃப்டா மாத்திட்டா சரியாயிடுமா?" என்றார். "வாங்கறதை அப்புறம் பார்த்துக்கலாங்கண்ணா, முதல்ல பத்துப் பந்து போடுங்க" என்று சொல்லி, டிரைவரின் முகத்தில், அதாவது பந்தில் படுகிற பரப்பில், முகப்பவுடரை லேசாகத் தடவிக் கொடுத்தேன். ஒவ்வொரு அடிக்கும் பவுடரில் வட்டமாக ஒரு தடம் விழும். பார்த்துவிட்டுத் துடைத்து, மறுபடி தடவி அடுத்த பந்து. பத்தில் ஏழு தடம் ஷாஃப்டை ஒட்டிய பக்கம், அதாவது ஹீல் பக்கம் விழுந்திருந்தது. நடுவில் ஒன்றுகூட இல்லை. புது டிரைவரின் நடுப்பகுதி இன்னும் பந்தையே பார்க்கவில்லை. அப்படியிருக்க அதன்மேல் எப்படிக் குற்றம் சொல்வது?

அதனால்தான் இதை எழுதுகிறேன். காசு செலவழிக்கும் முன் இரண்டு தடங்களைப் பாருங்கள். ஒன்று, கிளப் முகத்தில் பந்து பட்ட இடம். இரண்டு, மண்ணில் கிளப் பட்ட இடம். குறை உங்களிடமா கிளப்பிடமா என்று இவை இரண்டும் பெரும்பாலும் சொல்லிவிடும். வேண்டிய சாமான் எல்லாம் வீட்டிலேயே இருக்கிறது: முகப்பவுடர், கோலமாவு, ஒயிட்போர்டு மார்க்கர், வீடியோ எடுக்க ஒரு செல்போன். வலது கைக்காரர்களுக்காக எழுதியிருக்கிறேன். இடது கைக்காரர்கள் பக்கத்தை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

பந்து வலப்பக்கம் வளைந்து ஓடுகிறது

இதுதான் ஸ்லைஸ். எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்தக் குறையோடுதான் வருகிறார்கள். காரணம் எனக்குப் புரிகிறது. நாம் எல்லாரும் டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில் வளர்ந்தவர்கள். பலமாக அடி என்றால் மிட்விக்கெட் பக்கம் இழுப்பதுதான் கைக்குத் தெரிந்த வேலை. அதே கை கோல்ஃப் கிளப்பைப் பிடிக்கும்போது, கிளப் வெளியிலிருந்து உள்ளே, உடம்பின் இடப்பக்கமாகக் குறுக்கே வெட்டிக்கொண்டு வருகிறது. முகம் அந்தப் பாதையைவிட வலப்பக்கமாகத் திறந்திருந்தால் பந்து சுழன்றுகொண்டே வலப்பக்கம் போய்விடும்.

பந்து கிளம்புகிற திசையைப் பெரும்பாலும் முடிவு செய்வது கிளப் முகம் பார்க்கிற திசை. காற்றில் எந்தப் பக்கம் வளையும் என்பதை முடிவு செய்வது, முகம் பார்க்கிற திசைக்கும் கிளப் போகிற பாதைக்கும் உள்ள வித்தியாசம். ஆகவே இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளைந்தால், உங்கள் பாதைதான் அதிகமாக இடப்பக்கம் வெட்டுகிறது. நேராகக் கிளம்பி வலப்பக்கம் வளைந்தால் முகம் சரி, பாதை தப்பு. வலப்பக்கமே கிளம்பி இன்னும் வலப்பக்கம் போனால் முதலில் முகத்தைச் சரிசெய்யுங்கள். அதாவது கையின் பிடியை.

பிடியை இப்படிப் பாருங்கள். கிளப்பை வைத்து நின்று, குனிந்து இடது கையைப் பார்த்தால் இரண்டு அல்லது இரண்டரை விரல் முட்டிகள் தெரிய வேண்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே விழும் மடிப்பு வலது தோளைப் பார்க்க வேண்டும். ஓசூர் அண்ணனுக்கு ஒரே ஒரு முட்டிதான் தெரிந்தது. மட்டையைப் பிடித்த பழக்கத்தில் கைப்பிடி உள்ளங்கைக்குக் குறுக்கே கிடந்தது. அதை விரல்களின் அடிப்பகுதிக்கு இறக்கி, கையைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி வைத்தோம். "கை கோணலா இருக்கிற மாதிரி இருக்கே" என்றார். ஆமாம், இருக்கும். இரண்டு வாரம் அப்படித்தான் இருக்கும். தினமும் பத்து நிமிடம் டிவி பார்க்கும்போது கிளப்பைச் சரியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே போதும், கை பழகிவிடும்.

பாதைக்கு ஒரு பயிற்சி. பந்துக்கு ஒரு அடி பின்னால், உங்களுக்கு எதிர்ப்புறமாக, பந்தின் கோட்டுக்குச் சற்று வெளியே ஒரு காலி அட்டைப்பெட்டியை வையுங்கள். வெளியிலிருந்து வெட்டிக்கொண்டு வந்தால் கிளப் பெட்டியில் இடிக்கும். இடிக்காமல் அடிக்க வேண்டுமென்றால் கிளப் உள்ளிருந்துதான் வந்தாக வேண்டும். முதலில் அரை வேகத்தில் அடியுங்கள். பெட்டி இடிபடாமல் வரிசையாகப் பத்துப் பந்து வந்த பிறகு வேகத்தைக் கூட்டலாம்.

சரி, கிளப்பால் ஸ்லைஸ் வருவதே இல்லையா? வரும், கொஞ்சம். லாஃப்ட், அதாவது முகத்தின் சாய்வு, 9 டிகிரி உள்ள டிரைவரை வாங்கி வைத்திருந்தால் அதைவிட 10.5 அல்லது 12 டிகிரி நல்லது. லாஃப்ட் கூடினால் பின்சுழற்சி கூடும். பந்து பக்கவாட்டில் சாய்ந்து சுழல்வது குறையும், வளைவும் குறையும். ஹீல் பக்கம் படுகிற அடியும் டிரைவரில் வலப்பக்க வளைவைக் கூட்டும். அதனால் பவுடர் தடத்தை நடுவுக்குக் கொண்டுவந்தாலே பாதி வளைவு அடங்கிவிடுவதை நானே பார்த்திருக்கிறேன். டிரைவர் 45, 46 அங்குலம் நீளமாக இருக்கும். நடுவில் படாதவர்கள் ஒரு அங்குலம் கீழே இறக்கிப் பிடித்துப் பார்க்கலாம். இதற்குச் செலவே கிடையாது.

ஷாஃப்டைப் பற்றி ஒரு வார்த்தை. நான் முதல் டிரைவர் வாங்கும்போது கடையில் கேட்ட பேச்சை நம்பி எஸ் ஷாஃப்ட் வாங்கினேன். இரண்டு வருடம் அதோடு மல்லுக்கட்டினேன். பிறகுதான் என் வேகத்தை அளந்து பார்த்தேன்: டிரைவரில் மணிக்கு 84 மைல். பொதுவாக 85 முதல் 95 மைல் வரை ஆர் (ரெகுலர்), அதற்கு மேல் எஸ், 85க்குக் கீழே சீனியர் ஷாஃப்ட் என்பார்கள். ஆனால் இந்த எழுத்துகளுக்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை. ஒருவருடைய ஆர் இன்னொருவருடைய எஸ் அளவுக்கு விறைப்பாக இருக்கலாம். அளந்து பார்க்காமல் எழுத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

முதலில் மண், பிறகு பந்து; அல்லது பந்தின் தலையில் மட்டும் அடி

இவை இரண்டும் பார்க்க வேறுவேறு குறை மாதிரித் தெரியும். வேர் ஒன்றுதான். கிளப் சுற்றி வருகிற வட்டத்தின் அடிப்புள்ளி பந்துக்குப் பின்னால் விழுகிறது. அங்கே மண்ணில் இறங்கினால் மண் அடி. மண்ணைத் தொடாமல் மேலேறத் தொடங்கினால் பந்தின் தலையில் அடி. "தலையைத் தூக்காதே" என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அந்த அறிவுரையில் நம்பிக்கை இல்லை. தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றால் உடம்பு திரும்பாது, எடை வலது காலிலேயே தங்கிவிடும், அடிப்புள்ளி இன்னும் பின்னால் போகும். எடை இடது காலுக்கு வந்து சேர்ந்ததா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இதற்குப் பாய் உதவாது. இது முக்கியம், ஏனென்றால் பந்து அடித்துப் பழகும் ரேஞ்சிலும் பாய்தான் இருக்கிறது. பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் கிளப் பட்டாலும் பாயில் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை அடித்துவிடும். அடி நன்றாக விழுந்தது என்று நாம் நம்பிவிடுவோம். அதே அடியை மண்ணில் அடித்தால் பந்து பத்து கஜம் தாண்டாது.

ஆகவே மண்ணுக்கு வாருங்கள். ஆனால் நம் பக்கத்துச் செம்மண்ணில் சரளைக்கல் நிறைய. அப்படியே அடித்தால் கிளப்பின் அடி கீறிவிடும், மணிக்கட்டும் அதிரும். நாங்கள் ஒரு பாத்தி அளவுக்குக் கொத்தி, கல் பொறுக்கி, மணல் கலந்து, முந்தின நாள் மாலையில் தண்ணீர் தெளித்து வைப்போம். காலையில் அதன்மேல் கோலமாவால் நேராக ஒரு கோடு. கோடு உங்கள் இரண்டு கால்களுக்கும் நடுவில், அடிக்கப்போகும் திசைக்குக் குறுக்காக விழ வேண்டும். பந்து வேண்டாம். 9 அயர்னை எடுத்துக் கோட்டை மட்டும் அடியுங்கள்.

கோட்டுக்குப் பின்னால் மண் பெயர்ந்து, வெள்ளைக்கோடு அப்படியே இருந்தால் உங்கள் குறை தெரிந்துவிட்டது. கோடு அழிந்து, பள்ளம் கோட்டுக்கு முன்னால், இலக்குப் பக்கமாக இருந்தால் நல்ல அடி. முதல் நாள் என் பள்ளங்கள் எல்லாம் கோட்டுக்கு ஒரு சாண் பின்னால் கிடந்தன. இடது காலில் எழுபது சதவீத எடையை முதலிலேயே ஏற்றிவைத்துவிட்டு, பின்னால் போகும்போதும் அதை நகர்த்தாமல் அடித்துப் பழகினேன். ஒரு மாதத்தில் பள்ளம் கோட்டைத் தாண்டி வந்தது. பந்து வைத்து அடிக்கும்போது அந்தச் சத்தம் வேறு: முதலில் பந்தின் 'டக்', அப்புறம்தான் மண்ணின் 'சரக்'. இரண்டும் அந்த வரிசையில் கேட்டால் கோட்டைப் பார்க்கவே வேண்டாம்.

பந்து வைக்கிற இடத்தையும் சரிபாருங்கள். வெட்ஜுக்கு நடுவில், 7 அயர்னுக்கு நடுவிலிருந்து ஒரு பந்து அளவு இடப்பக்கம், டிரைவருக்கு இடது குதிகாலின் உட்பக்கம்.

பந்து திடீரென்று வலப்பக்கம் தெறிக்கிறது

கிளப்பின் முகமும் ஷாஃப்டும் சேர்கிற குழாயில் பந்து பட்டால் அது ஷாங்க். ஒரு நாள் வந்தால் அன்று முழுக்க வரும், மனம் உடைந்துபோகும். பயப்பட வேண்டாம், திருத்துவதற்குச் சுலபமான குறை இது. நிற்கும்போது எடை முன்பாதத்தில், விரல்நுனியில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி நின்றால் அடிக்கும்போது உடம்பு பந்தை நோக்கிச் சாயும், கிளப் இரண்டு அங்குலம் வெளியே போகும்.

பந்துக்கு வெளியே மூன்று விரல் இடைவெளியில் ஒரு மாவிலையை நீளவாக்கில் வையுங்கள். இலை அசையாமல் பந்தை மட்டும் எடுங்கள். பாதத்தின் நடுவில் எடையை வைத்து, இறுக்கத்தைத் தளர்த்தி, பாதி அடியாக அடித்தால் பத்துப் பந்துக்குள் சரியாகிவிடும். கிளப்பை இதில் குறை சொல்ல எதுவுமே இல்லை.

தரை மேடுபள்ளமாக இருந்தாலும் பந்து பக்கவாட்டில் போகும், அதைக் குறை என்று நினைத்துவிடாதீர்கள். பந்து உங்கள் காலைவிட மேட்டில் இருந்தால் இடப்பக்கம் போகும். பள்ளத்தில் இருந்தால் வலப்பக்கம். அதற்குத் தகுந்தபடி குறிவைத்தால் போதும்.

5 அயர்னும் 7 அயர்னும் ஒரே தூரம்தான் போகின்றன

இங்கே கிளப்பை மாற்றச் சொல்வேன். முழு செட்டோடு வருகிற 4, 5 அயர்ன்கள் நம்மைப் போல வாரம் ஒரு நாள் ஆடுகிறவர்களுக்குப் பயன்படுவதில்லை. லாஃப்ட் குறைவு, அதனால் வேகம் இல்லாமல் பந்து எழும்பாது. அவற்றை விட்டுவிட்டு, அயர்னுக்கும் டிரைவர் வகைக்கும் நடுவிலான ஹைப்ரிட் வாங்குங்கள். அதன் எடை கீழேயும் பின்னாலும் இருப்பதால் பந்து எளிதாக எழும்பும், கொஞ்சம் தப்பாகப் பட்டாலும் தாங்கும்.

விதிப்படி பையில் 14 கிளப் வரை வைக்கலாம். தொடங்குகிறவருக்கு ஏழு போதும்: லாஃப்ட் கூடிய ஒரு டிரைவர் அல்லது 3 வுட், ஒரு ஹைப்ரிட், 7 அயர்ன், 9 அயர்ன், பிட்சிங் வெட்ஜ், 54 அல்லது 56 டிகிரி சாண்ட் வெட்ஜ், பந்தைக் குழிக்கு உருட்ட ஒரு பட்டர். அயர்னில் பின்பக்கம் குழிந்த, அடி அகலமான வகையை எடுங்கள். மெல்லிய பிளேடு அயர்ன் அழகாகத்தான் இருக்கும். நடுவில் படாத அடியை அது மன்னிக்காது.

நண்பரின் 7 அயர்ன் உங்களுடையதைவிட பதினைந்து கஜம் கூடப் போனால் உடனே வருத்தப்படாதீர்கள். கிளப்பில் இருக்கிற எண்ணுக்கு நிலையான அளவு கிடையாது. ஒரு கம்பெனியின் 7 அயர்ன் 34 டிகிரி, இன்னொன்றுடையது 28 டிகிரி. எண்ணைப் பார்க்காமல் லாஃப்டைக் கேளுங்கள். இன்னொன்று, ஓசூர் கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் சென்னையில் போவதைவிட பந்து சில கஜம் கூடப் போகும். நந்தனம் மைதானத்தில் ஆடப் போகிறவர்கள் அந்தக் கணக்கோடு போனால் எந்த கிளப்பை எடுப்பது என்பதில் ஏமாற மாட்டீர்கள்.

டிரைவரில் பந்து வானத்துக்கு ஏறி அங்கேயே விழுகிறது

டிரைவரின் தலைப்பகுதியில், மேலே, கீறல் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பந்து முகத்தின் மேல்விளிம்பில் படுகிறது. பந்தைத் தாங்குகிற டீ ஆணியைக் கொஞ்சம் இறக்குங்கள்; டிரைவரைத் தரையில் வைத்தால் பந்தில் பாதி அதற்கு மேலே தெரிய வேண்டும். அப்படியும் போகவில்லை என்றால் நீங்கள் மண்வெட்டி போடுவது போல மேலிருந்து இறக்குகிறீர்கள். பந்தை இன்னும் இடப்பக்கம் வைத்து, வலது தோள் இடது தோளைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி நின்று அடித்துப் பாருங்கள்.

அயர்ன் எப்போதும் ஒரே பக்கம் போகிறது, வளைவே இல்லை

மண்ணில் விழும் பள்ளத்தைப் பாருங்கள். ஷாஃப்ட் பக்கம் ஆழமாகவும் நுனிப்பக்கம் மேலாகவும் இருந்தால் கிளப் உங்களுக்கு அதிக நிமிர்வு. பந்து இடப்பக்கம் போகும். நுனி ஆழமாகப் பதிந்தால் கிளப் அதிகம் படுத்திருக்கிறது, பந்து வலப்பக்கம். உறுதிப்படுத்த ஒரு சோதனை: பந்தில் ஒயிட்போர்டு மார்க்கரால் செங்குத்தாக ஒரு தடித்த கோடு போட்டு, கோடு கிளப்பைப் பார்க்கும்படி வைத்து அடியுங்கள். கோடு முகத்தில் பதியும். கோட்டின் மேல்முனை கிளப்பின் நுனிப்பக்கம் சாய்ந்திருந்தால் நிமிர்வு அதிகம், ஷாஃப்ட் பக்கம் சாய்ந்திருந்தால் குறைவு. இதை நீங்கள் ஸ்விங்கில் திருத்தப் பார்க்காதீர்கள். கிளப் சரிசெய்கிறவர் ஒன்றிரண்டு டிகிரி வளைத்துத் தருவார், அவ்வளவுதான். வார்ப்பில் செய்த அயர்னாக இருந்தால் உடையக்கூடும் என்பதால் பழக்கப்பட்டவரிடம் மட்டும் கொடுங்கள்.

உயரமானவர்களும் குள்ளமானவர்களும் கடையில் உயரத்தை மட்டும் சொல்லாமல், செருப்பில்லாமல் நேராக நின்று மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரை வரை அளந்து சொல்லுங்கள். நீளக்கை உள்ள ஆறடிக்காரருக்கு நீளமான கிளப் தேவைப்படாமலே போகலாம்.

கை கொப்புளிக்கிறது, முழங்கை வலிக்கிறது

இடது உள்ளங்கையின் அடிமேட்டில் கொப்புளமோ, கையுறையில் அதே இடத்தில் ஓட்டையோ விழுந்தால், கிளப் உள்ளங்கையில் கிடந்து நழுவுகிறது. மேலே சொன்னபடி விரல்களுக்கு இறக்குங்கள். கைப்பிடி ரப்பர் பளபளவென்று ஆகியிருந்தால் அதுவும் நழுவும். தர்மபுரிப் பக்கத்துச் சித்திரை வெயிலில் வியர்த்த கை இன்னும் மோசம். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நிழலில் காயவையுங்கள். அப்படியும் சொரசொரப்பு திரும்பாவிட்டால் கைப்பிடியை மட்டும் மாற்றுங்கள். புது கிளப்பின் விலையோடு பார்த்தால் அது சின்னச் செலவு.

முழங்கையின் வெளிப்பக்கம் வலித்தால் அடிப்பதை நிறுத்துங்கள். கட்டாந்தரையில் போட்ட பாயில் ஒரே நாளில் நூறு பந்து அடிப்பதுதான் பெரும்பாலும் காரணம். வலி போன பிறகு பாய்க்கு அடியில் மணல் பரப்பி, ஒரு நாளைக்கு முப்பது பந்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் அயர்னிலும் ஸ்டீல் ஷாஃப்டை விட்டு கிராஃபைட்டுக்குப் போகலாம்; எடை குறைவு, அதிர்வும் குறைவு.

குழி இருக்கிற பச்சைப் பரப்புக்கு வந்த பிறகு, பந்தைக் குழியில் போட மூன்று முறை அடிக்க வேண்டியிருக்கிறது

இதில் யாரும் நேரம் செலவழிப்பதில்லை என்பதுதான் என் பெரிய ஆதங்கம். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காவது வந்தாரே, பெங்களூருப் பெண் அதிதி அசோக், அவர் தூரமாக அடிக்கிற ஆட்டக்காரர் அல்ல. பட்டரையும் வெட்ஜையும் கையில் வைத்துக்கொண்டுதான் பதக்கத்துக்கு அவ்வளவு அருகில் போனார். நம் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஊரில் வளர்ந்தவர்.

முதல் அடி இடப்பக்கமோ வலப்பக்கமோ தவறுவதால் மூன்று அடி ஆவது குறைவு. தூரம் தவறுவதால்தான் ஆகிறது. பத்தடி கடந்து போய்விடும், அல்லது பாதியில் நின்றுவிடும். ராகி காயப்போடுகிற சிமென்ட் களம் இதற்கு நல்ல இடம். அங்கே பந்து வேகமாக உருளும், கை அடங்கி அடிக்கப் பழகும். கோலமாவால் ஒரு கோடு போட்டு, பத்தடி, இருபது அடி, முப்பது அடி தூரத்திலிருந்து மாற்றி மாற்றி அடியுங்கள். பந்து கோட்டைத் தாண்டி ஒரு முழத்துக்குள் நிற்க வேண்டும். குழியே வேண்டாம்.

பட்டர் வாங்கும்போது, வழக்கமாக நிற்பது போலக் குனிந்து நின்று, கண் பந்துக்கு நேர் மேலே அல்லது சற்று உட்பக்கம் வருகிறதா என்று பாருங்கள். கண்ணுக்கு முன்னால் இருந்து ஒரு பந்தைக் கீழே விட்டால் எங்கே விழுகிறது என்பதிலேயே தெரிந்துவிடும். கடையில் பெரும்பாலும் 34, 35 அங்குலம்தான் இருக்கும். பந்து உங்கள் காலை ஒட்டி விழுந்தால் அது உங்களுக்கு நீளம். ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் வெட்டிக் கைப்பிடியை மாட்டித் தரச் சொல்லுங்கள். ஓசூர் அண்ணனுக்கு 33 அங்குலம் சரியாக வந்தது. மூன்றாவது டிரைவரை அவர் விற்கவில்லை. இப்போது அதில் பவுடர் தடம் பாதிக்கு மேல் நடுவில் விழுகிறது.